மாஸ்டர் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு உண்டு. கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் மாஸ்டர் காலடியில் ஒன்று. ஸ்டீயரிங் மட்டும்தான் ஒன்றே ஒன்று. அதையும் பாதி நேரம் மாஸ்டர்தான் கை நீட்டித் திருப்பிக்கொண்டிருப்பார். வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டுகிற வண்டியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து ஊரைச் சுற்றச் சம்மதிக்கிறவர் பெரிய துணிச்சல்காரராக இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நம் மாஸ்டர் சரியான பயந்தாங்கொள்ளி. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தப் பயம்தான் அவருடைய தொழில் ரகசியம். எதிரே ஒரு சைக்கிள் லேசாக ஆடினால் போதும், அவர் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். அடித்த மறுகணம் கால் பிரேக்கில் இருக்கும். முதலில் நெஞ்சு, அப்புறம்தான் கால். தன் உடம்பு இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. வண்டி நின்றதும் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "பாத்தீங்களா, திக்குன்னுச்சு, மிதிச்சேன்" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு மாணவர்கள் அவருக்குத் திக்திக் மாஸ்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வண்டியால் ஒரு மனுஷனுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்புறம் பெயர் என்னவாக இருந்தால் என்ன?

அப்படிப்பட்ட நெஞ்சு திடீரென்று வேலையில்லாத நேரத்திலும் வேலை பார்க்க ஆரம்பித்தது. வீட்டில் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். எதிரே லாரியும் இருக்காது, சைக்கிளும் இருக்காது. நெஞ்சு தன்பாட்டுக்குத் தலைதெறிக்க ஓடும். மனைவி விடவில்லை, இதய டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் அவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்றைக்கென்று பார்த்து விடுப்புக் கிடைக்கவில்லை. மாஸ்டர் தனியாகப் போனார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

டாக்டரம்மா பொறுமைசாலி. எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு, ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, நெஞ்சும் சில நேரம் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது, இரண்டுக்கும் சேர்த்து பீட்டா பிளாக்கர் என்கிற வகை மாத்திரை ஒன்று தருகிறேன் என்றார். அந்த மாத்திரை உடம்பில் என்னென்ன செய்யும், எது வந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும், எதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். மாஸ்டர் தலையைத் தலையை ஆட்டினார். கண் மட்டும் டாக்டரின் தோளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலிலேயே இருந்தது. வெளியே எவனோ ஒருவன் மாஸ்டருடைய காருக்குப் பின்னால் தன் காரை ரிவர்ஸில் நுழைத்துக்கொண்டிருந்தான். அதுவும் கண்ணாடியைப் பார்க்காமல். அந்த ஆள் ஒரு வழியாக நுழைத்து முடித்தபோது டாக்டரும் சொல்லி முடித்திருந்தார். ஆக, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்த செய்தி ஒன்றுதான்: தினமும் காலையில் ஒரு மாத்திரை.

மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நெஞ்சு அடங்கிவிட்டது. கூடவே அழைக்காத விருந்தாளிகளாகச் சிலதும் வந்து சேர்ந்தன. கைவிரலும் பாதமும் சில்லிட்டுப்போயின. போர்வைக்குள் அவர் கால் தெரியாமல் பட்டுவிட்டால் மனைவி துள்ளி விழுந்து, ஃப்ரிட்ஜிலிருந்து இறங்கி நேராக இங்கேதான் வருகிறீர்களா என்று கேட்பாள். மாடிப்படி ஏறினால் பாதியிலேயே உட்காரலாமா என்றிருந்தது. சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ராத்திரி முழுக்கக் கனவு. எல்லாக் கனவிலும் அவர் மாஸ்டர் இருக்கையில்தான் உட்கார்ந்திருப்பார், காலால் துழாவினால் பிரேக் இருக்காது. இன்னொரு சங்கதியும் உண்டு, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உள்ளது. அதற்குக் களைப்பு என்று பெயர் வைத்து மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

இவ்வளவையும் அவர் பொறுத்துக்கொண்டார். வயசானால் ஆயிரம் வரும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாமல் போனது வேறு ஒன்று.

அன்றைக்கு வண்டி ஓட்டியவர் ஒரு பேங்க்காரர். எல்லாம் தெரிந்த மாதிரியே ஓட்டுவார். ஒரு தெருமுனையில் வளைந்ததும், சாலைக்கு நடுவே ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. வண்டி கிறீச்சென்று நாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. மாஸ்டரின் கை பழக்கதோஷத்தில் நெஞ்சுக்குப் போனது. நெஞ்சில் ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி அது மெத்தனமாக அடித்துக்கொண்டிருந்தது.

"கரெக்டா மிதிச்சேன் பாத்தீங்களா?" என்றார் பேங்க்காரர்.

மிதித்திருந்தார், உண்மைதான். மாஸ்டர் காலும் பிரேக் மேல்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு பிரேக்கும் ஒன்றோடொன்று இணைந்தவை, ஒன்றை மிதித்தால் மற்றதும் தானாக இறங்கும். யார் முதலில் மிதித்தது என்று வண்டிக்கே தெரியாது. மாஸ்டருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நெஞ்சு திக்கென்று அடிக்கவில்லை, அதனால் தன் கால் மிதித்திருக்க வழியே இல்லை. தானாக இறங்கிய பிரேக் மேல் அது சும்மா ஒப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு இவர் மிதித்தார், பிழைத்தோம். நாளைக்கு மிதிக்கத் தெரியாதவர் வந்தால்? நாய் படுத்திருந்த இடத்தில் ஒரு மனுஷன் நின்றால்? நினைக்க நினைக்கப் பயம் ஏறியது. அப்போதும் நெஞ்சு அசைந்து கொடுக்கவில்லை, அதுதான் அவரை இன்னும் கலங்கடித்தது.

மிதிக்காதவர் எங்கேயோ இருந்து வர வேண்டியதில்லை, ஏற்கெனவே அவரிடம் படித்துக்கொண்டிருந்தார். கடைத்தெருக் கோடியில் மருந்துக்கடை வைத்திருக்கிற அம்மா. கடையில் அவர் புலி. சீட்டு இல்லாமல் மருந்து கேட்கிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வெறுங்கையோடுதான் போவான். அதே அம்மா காரில் உட்கார்ந்தால் பூனைக்குட்டி. பயம் வந்துவிட்டால் போதும், சமையலறையில் எலியைப் பார்த்தவர் மாதிரி இரண்டு காலையும் தூக்கி சீட் மேல் மடக்கி வைத்துக்கொள்வார். பிரேக், கிளட்ச் எல்லாம் கீழே அனாதையாகக் கிடக்கும். லைசென்ஸ் டெஸ்டிலும் இதையேதான் செய்தார். டெஸ்ட் எடுத்த அதிகாரி தன் சர்வீஸில் இப்படிப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த அம்மாவிடம் மாஸ்டர் தன் மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. மாத்திரையையே ஊரின் மறுகோடியில் போய்த்தான் வாங்கினார். திக்திக் மாஸ்டருக்கே நெஞ்சு சரியில்லையாம் என்று கிளம்பிவிட்டால் அப்புறம் யார் பக்கத்தில் உட்காருவார்கள்?

யோசித்து யோசித்து மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்த வகை முடிவு. மாத்திரை நெஞ்சை ஊமையாக்குகிறது, வேலைக்கு நெஞ்சு பேசியாக வேண்டும். ஆகவே வகுப்பு உள்ள நாளில் மாத்திரை கிடையாது, ஸ்கூலுக்கு விடுமுறை விடுகிற அன்று மட்டும் போட்டுக்கொள்வது. மனைவிதான் இடைஞ்சல். காலையில் தண்ணீர் டம்ளரோடு எதிரே நின்று, அவர் விழுங்கினால்தான் நகர்வாள். மாஸ்டர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் தலையாட்டி விடைபெறுவார். காரில் ஏறியதும் ஆஷ்டிரேவைத் திறந்து அதில் துப்புவார். அவர் வண்டியில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது, அதனால் அந்த ஆஷ்டிரேவை யாரும் திறப்பதில்லை. இவர் போகும்போது மட்டும் இத்தனை மரியாதையாகத் தலையாட்டுகிறாரே என்று மனைவி உள்ளூர சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். பாவம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபோது நெஞ்சு திக்கென்றது. மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெளியூர் போயிருந்த பிள்ளை வீடு திரும்பினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. ஆனால் திரும்பி வந்த நெஞ்சு பழைய நெஞ்சாக இல்லை. காகிதப் பை பறந்தால் திக். புறா இறங்கினால் திக். மரத்து நிழல் அசைந்தால்கூட திக். வண்டி போவதும் நிற்பதுமாக இருந்தது, படிக்க வந்தவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவருக்கும் பின்மண்டை வலித்தது, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. நெஞ்சு பேசுகிறதே, அது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படி ஒரு நாளில்தான் மருந்துக்கடை அம்மாவுக்கு வகுப்பு. அம்மாவுக்கு அன்று தொண்டைக் கமறல். இருமல் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அதன் உறையைக் கைக்குள் கசக்கியபடியே ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். பாதி வழியில் போகும்போது மாஸ்டர் திடீரென்று பிரேக்கை மிதித்தார். எதிரே எதுவும் இல்லை. ஒரு விளம்பரத் துணி காற்றில் ஆடியது, அவ்வளவுதான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரனை அலறவிட்டன. என்ன மாஸ்டர் என்று கேட்கத் திரும்பிய அம்மா, கேட்க வந்ததை விட்டுவிட்டார். மாஸ்டரின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கை நெஞ்சில் இருந்தது. அது வழக்கமாகத் தடவிக்காட்டுகிற கை இல்லை, நெஞ்சு ஓடிவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிற கை.

அம்மா கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், வண்டியை அலுங்காமல் ஓரம் கட்டினார். மாஸ்டர் உடம்பு சரியாக இருந்திருந்தால் அதற்கே கைதட்டியிருப்பார். பதற்றத்தில் கையில் இருந்த மிட்டாய் உறையை எங்கே போடுவது என்று தெரியாமல் அம்மா ஆஷ்டிரேவைத் திறந்தார். உள்ளே பாதி கரைந்தும் கரையாமலும் சின்னச் சின்ன மாத்திரைகள் ஒட்டிக்கிடந்தன. தினம் கை வழியாகப் போகிற சரக்கு, அம்மாவுக்கு அடையாளம் தெரியாதா?

"மாஸ்டர், இது உங்களுக்குக் குடுத்ததா?"

மாஸ்டர் கை நீட்டி ஆஷ்டிரேவை மூடப் பார்த்தார்.

"இதை முழுங்காம இங்க துப்பறீங்களா?"

"வேலை நாள்ல மட்டும்தாம்மா போடறதில்ல. லீவு நாள்ல ஒழுங்கா போட்டுருவேன்" என்றார் மாஸ்டர், வீட்டுப்பாடத்தில் பாதி எழுதி வந்த பையன் குரலில்.

"போற வண்டில ஸ்டீயரிங்கை விட்டுட்டு, அப்பப்போ மட்டும் ஒழுங்கா பிடிச்சுக்கறேன்னு நான் சொன்னா சும்மா இருப்பீங்களா நீங்க? இந்த மாத்திரையை திடீர்னு நிறுத்தவே கூடாது மாஸ்டர். அதுவரைக்கும் அடக்கி வச்ச நெஞ்சு ரெண்டு மடங்கா பாயும். ஆளையே சாய்ச்சிரும்."

 மாஸ்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நாய், பேங்க்காரர், பேசாமல் போன நெஞ்சு, தன் கால் மிதிக்காமல் ஒரு உயிர் போய்விடுமோ என்கிற பயம், எல்லாவற்றையும். அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. மார் வலிக்கிறதா, வலி கைக்கு இறங்குகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று அடுக்கிக் கேட்டார். வலியெல்லாம் இல்லை, ஓடுகிறது, அவ்வளவுதான் என்றார் மாஸ்டர். வகுப்பு முடிந்ததும் டாக்டரிடம் போகிறேன் என்றும் சொன்னார். அம்மா கியரைப் போட்டார்.

மாஸ்டர் இடம் மாறி உட்காரலாம் என்று கதவில் கை வைத்தார். நெஞ்சு இந்த ஓட்டம் ஓடும்போது ஸ்டீயரிங்கைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அம்மா மரியாதையாகவே சொன்னார். கடைத்தெரு நெரிசல், சிக்னல், அதுவரை அம்மா பக்கத்திலேயே போகாத மேம்பாலம், எல்லாவற்றையும் தாண்டி வண்டி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. வழி நெடுக மாஸ்டரின் கண் சாலையில் இல்லை, அம்மாவின் காலில் இருந்தது. ஒரு தடவைகூட அது மேலே எழும்பவில்லை.

நல்ல காலம், பெரிதாக எதுவும் ஆகியிருக்கவில்லை. படுக்க வைத்தார்கள், மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை, நிறுத்திய மாத்திரை பழிவாங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த மருந்துக்கடை அம்மா சொல்லித்தான் ஆஷ்டிரே விவகாரம் அவளுக்குத் தெரிந்தது. தினமும் வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டுப் போன மரியாதை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். பிறகு அவருடைய சில்லிட்ட கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

நெஞ்சு அடங்கியதும் டாக்டரம்மா மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். இந்தத் தடவை மாஸ்டரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தது மனைவிதான். பயம் வந்தால் உடம்பு ஒரு சுரப்பைக் கிளப்பிவிடும், அது போய் நெஞ்சை விரட்டும், இந்த மாத்திரை அந்த விரட்டலை நெஞ்சின் வாசலிலேயே மறித்துவிடும், அதனால்தான் துடிப்பு நிதானமாகிறது என்றார். கை கால் சில்லிடுவது, களைப்பு, எழுந்தால் தலைசுற்றல், கண்டபடி கனவு, எல்லாம் இதில் வரக்கூடியதுதான். பெரும்பாலும் உடம்பு பழகப் பழகக் குறைந்துவிடும். எழுந்திருக்கும்போது நிதானமாக எழுந்திருக்க வேண்டும், தலை சுற்றுகிற நாளில் காரில் உட்காரவே கூடாது. துடிப்பு ரொம்பக் குறைந்து மயக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வர வேண்டும். எது பிடிக்கவில்லை என்றாலும் வந்து சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், நிறுத்துவதாக இருந்தால்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தலாம். தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

அப்புறம் டாக்டர் குரலைத் தாழ்த்தாமலே, தாம்பத்தியத்தில் ஏதாவது குறை தெரிகிறதா என்று கேட்டார். மாஸ்டர் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த இதயப் படத்தை, அதில் ஏதோ பரீட்சை எழுதப்போகிறவள் மாதிரி உற்றுப் பார்த்தாள். சரி, புரிகிறது, அதுவும் சிலருக்கு வரும், அதற்கும் வழி இருக்கிறது என்று சொல்லி டாக்டர் மாத்திரையையே மாற்றி எழுதினார். மாஸ்டரின் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதை இத்தனை நாளும் தான் மட்டும் சுமந்துகொண்டிருந்ததாக அவர் நினைத்திருந்தார். பக்கத்தில் மனைவி விட்ட பெருமூச்சைக் கேட்ட பிறகுதான் அவளும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

கடைசியாக, மாஸ்டர் தான் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார். நெஞ்சு திக்கென்று சொல்லாவிட்டால் கால் எப்படி மிதிக்கும்?

"பயம் மூளையில வருது. அங்கிருந்து நெஞ்சுக்கு ஒரு வழி, காலுக்கு ஒரு வழி. மாத்திரை நெஞ்சுக்குப் போற வழியைத்தான் மறிக்குது. பிரேக்கை மிதிக்கறதுக்கு உங்க காலுக்கு நெஞ்சோட சம்மதம் வேண்டாம்" என்றார் டாக்டர்.

மாஸ்டர் தலையாட்டினார். காதில் வாங்கிக்கொண்டார், மனசில் ஏறவில்லை. டாக்டருக்கு நெஞ்சைப் பற்றித் தெரியும், சரிதான். காலைப் பற்றி என்ன தெரியும்?

வெளியே மருந்துக்கடை அம்மா காத்துக்கொண்டிருந்தார். டெஸ்ட் அன்றைக்கு உங்களுக்கும் இதில் ஒன்று கொடுத்தால் பயம் போகுமே என்று தான் முன்னால் ஒரு நாள் நினைத்ததை மாஸ்டர் அசட்டுச் சிரிப்போடு சொன்னார். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"எனக்கு வீசிங் இருக்கு மாஸ்டர். இந்த வகை மாத்திரைல சிலது எனக்கு மூச்சையே அடைச்சிரும். தயவுசெஞ்சு யாருக்கும் குடுத்துராதீங்க."

நல்லவேளை, நினைத்ததோடு விட்டோம் என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சில வாரம் ஓய்வு. புது மாத்திரை பழகிக்கொண்டது. கனவு குறைந்தது, படிக்கட்டு பழையபடி ஒரே மூச்சில் ஏற முடிந்தது. விரல் மட்டும் இன்னும் கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது. வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதும் நின்றுபோயிற்று, அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதித்த டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். நெஞ்சு மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகியிருந்தது.

அதனாலேயே, கிளம்புகிற அன்று காலை மாஸ்டர் ஒன்றை முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினார். மாத்திரையை இனி நிறுத்துவதில்லை. ஆனால் தன் கால் ஒரே ஒரு தடவை ஏமாற்றினாலும் சாவியை ஸ்கூல் முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. வேறு வேலை தெரியாது, கற்றுக்கொள்கிற வயசும் தாண்டிவிட்டது. இருந்தாலும் பிரேக் இல்லாத மாஸ்டராக உட்கார்ந்து ஒரு உயிருக்கு உலை வைப்பதைவிட வீட்டில் சும்மா இருப்பது மேல். மனைவியிடம் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. போய்ட்டு வாங்க, பாத்துக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

முதல் வகுப்பு மருந்துக்கடை அம்மாவுக்கு. மேம்பாலம் ஏறி இறங்கிய தெம்பில் அம்மா அன்று நன்றாகவே ஓட்டினார்.  மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சாலையைப் பார்த்தபடி, உள்ளே ஒரு சின்னத் திக்காவது கேட்காதா என்று காதை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு குடியிருப்புத் தெருவில் யாரோ வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக இரண்டு வேன்கள் நின்றன. அந்த இரண்டு வேனுக்கும் நடுவிலிருந்து ஒரு ஆள், முகத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிய மெத்தை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து சாலைக்கு இறங்கினான். அவனுக்கு எதுவும் தெரியாது, மெத்தை மட்டும்தான் தெரியும்.

வண்டி நின்றது.

மெத்தைக்காரன் அதைக்கூடக் கவனிக்கவில்லை. அதே பின்நடையில் சாலையைக் கடந்து எதிர் வீட்டு வாசலுக்குள் போய்விட்டான்.  மாஸ்டர் நெஞ்சில் கை வைத்தார். லப், டப். எந்த அவசரமும் இல்லை. மறுபடியும் திக் வரவில்லை, போச்சு, சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். வண்டியை நிறுத்தியதற்கு அம்மாவையாவது பாராட்டலாம் என்று திரும்பினார்.

அம்மா இரண்டு காலையும் சீட் மேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.

மாஸ்டர் அந்தக் காலையே பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிரேக் அடிவரை போயிருந்தது, அதன் மேல் அவருடைய பழைய செருப்பு.

"நீங்க பிரேக் மிதிச்சீங்களாம்மா?" என்றார்.

அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். "இல்ல மாஸ்டர். மன்னிச்சிருங்க, மறுபடியும் தூக்கிட்டேன். அன்னைக்கு ஆஸ்பத்திரி போறப்போ பயப்பட நேரமில்ல, இன்னைக்கு நேரம் இருந்திருச்சு."

"தொடவே இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. லேசாக்கூட தொடலையே?"

"சத்தியமா தொடல மாஸ்டர்."

ஒரு மாணவி செய்த தப்புக்காக மாஸ்டர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுவரை இல்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டார். அப்படியானால் நாய் படுத்திருந்த அன்றைக்கும் இந்தக் கால்தான் மிதித்திருக்கிறது. இத்தனை வருஷமும் இதுதான் மிதித்திருக்கிறது. நெஞ்சு பின்னாலேயே ஓடி வந்து சத்தம் போட்டு, பெயரை மட்டும் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. அதை நம்பி உயிரையே பணயம் வைக்கப் போனோமே என்று நினைத்தபோதும், உள்ளே அது தன் நிதானத்தை விடவில்லை. இப்போது அந்த நிதானம் அவருக்குப் பிடித்திருந்தது.

அம்மா காலைக் கீழே இறக்கினார். சீட்டைச் சரிசெய்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஸ்டார்ட் செய்து, கியர் போட்டு கிளட்சை விட்டார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் அதே கதை. நான் என்ன தப்பு செய்கிறேன் என்று கேட்கத் திரும்பியவர், கீழே பார்த்தார்.

"மாஸ்டர்," என்றார் மெதுவாக, "நீங்க காலை எடுத்தாத்தான் வண்டி போகும்."